ஏரிக்கு முதுகு காட்டும் மீன்கொத்தி

எங்கள் ஊர்ப் பெரிய ஏரியின் கலுங்கு ஓரத்தில், எந்தக் காலத்தில் யார் நட்டதோ தெரியாத கருங்கல் ஒன்று இடுப்பளவு உயரத்தில் நின்றுகொண்டிருக்கிறது. மார்கழி கழிந்து தை பிறந்து, மழைக்காலத்துக் கலங்கல் அடங்கி நீர் தெளிந்து, கரைக்கு இந்தப் புறத்தில் கதிர்கள் தலைசாய்க்கத் தொடங்கும் நாட்களில், வெயில் ஏறுமுன் அங்கே போய் உட்கார்ந்திருப்பது எனக்கு நெடுநாள் வழக்கம். அந்தக் கல்லின் உச்சிக்கு அநேகமாகத் தினந்தோறும் வருகிற மீன்கொத்தியானது, கண்ணுக்கு எட்டிய மட்டும் பரந்து கிடக்கும் அத்தனை நீரையும் விட்டுவிட்டு, ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயற்புறத்தையே நோக்கி அமர்ந்திருக்கிறது என்பது என் மனத்தில் உறைக்கப் பல வருஷங்கள் ஆயின. மீன்கொத்தி என்று பெயரைச் சொல்லிக்கொண்ட மாத்திரத்தில், அது மீனுக்காகத்தான் காத்திருக்கிறது என்று நானே தீர்மானம் செய்துகொண்டு, அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பார்க்காமலே இருந்துவிட்டேன்.

ஒரு நாள் அந்தக் கல்லுக்குப் பத்தடி தூரத்தில், ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன். பறவை தலையை மட்டும் ஒரு தரம் சாய்த்தது. அடுத்த க்ஷணம், நீலமும் வெள்ளையும் பளிச்சென்று விரிய வரப்பில் இறங்கி, வந்த வேகத்திலேயே கல்லுக்குத் திரும்பிவிட்டது. அதன் சிவந்த அலகில், கால்களை உதறிக்கொண்டு ஒரு வயல்நண்டு இருந்தது. அதைக் கல்லின்மீது இடப்புறம் ஒரு அடி, வலப்புறம் ஒரு அடி என்று, வண்ணான் துணி துவைப்பது போல மாறி மாறி அடித்து, கால்கள் ஒவ்வொன்றாகத் தெறித்து விழுந்தபின், உடலை மட்டும் மேலே எறிந்து பிடித்து விழுங்கிவிட்டு, அலகைக் கல்லில் இரண்டு தரம் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் வயலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டது. ஏரியில் வலை வீசிக் கரையேறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் நின்று சொன்னார்: "அது நண்டுகொத்திங்க ஐயா. மீன் பிடிக்கிறவன் அதோ, அந்தரத்துல நிக்கிறான் பாருங்க."

அவர் கை காட்டிய இடத்தில், கரையிலிருந்து நெடுந்தூரம் தள்ளி, கிளையோ கம்பமோ ஒன்றும் இல்லாத நடு நீருக்கு மேலே, இரண்டு மூன்று ஆள் உயரத்தில், கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை ஆகாயத்திலேயே நின்றுகொண்டிருந்தது. சிறகுகள் இடைவிடாமல் அடித்துக்கொண்டிருந்தன; உடல் ஏறக்குறையச் செங்குத்தாகத் தொங்கியது; தலை மாத்திரம் ஆணியடித்தாற்போல் ஓரிடத்தில் நிலைத்து, நீண்ட கரிய அலகு நேர் கீழே நீரைச் சுட்டிக்கொண்டிருந்தது.

இவ்விரண்டும் மீன்கொத்திகளே. முன்னதை வெண்மார்பு மீன்கொத்தி என்றும், பின்னதைக் கருப்பு வெள்ளை மீன்கொத்தி என்றும் பறவை நூல்கள் அழைக்கின்றன. இவற்றோடு, சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியதாய், வாய்க்கால் ஓரத்துத் தாழ்ந்த கொம்பில் நீலமணி பதித்தாற்போல் அமர்ந்திருக்கும் சிறு மீன்கொத்தியையும் சேர்த்துக்கொண்டால், நம் ஊர்களில் சாதாரணமாய்க் கண்ணில் படுபவை மூன்று. சிரல் என்றும், சிச்சிலி என்றும், விச்சுளி என்றும் பழந்தமிழில் இந்த இனத்துக்குப் பெயர்கள் உண்டு. கம்பத்தின் உச்சியிலிருந்து பாயும் கழைக்கூத்து வித்தைக்கும் விச்சுளி என்றே பெயரிட்டார்கள் என்பதிலிருந்து, இப்பறவையின் பாய்ச்சல் நம் முன்னோர் மனத்தை எவ்வளவு கவர்ந்திருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் கழைக்கூத்தாடி பாய்வதற்குக் கம்பம் ஒன்று வேண்டும். நடு ஏரியில் நிற்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் பறவைக்கோ அதுவும் வேண்டுவதில்லை.

முதலில் வெண்மார்பனைப் பற்றிச் சொல்கிறேன். அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை சுமார் 28 சென்டிமீட்டர் நீளமுள்ள பறவை; தலையும் வயிறும் காய்ச்சிய வெல்லப்பாகின் பழுப்பு; தொண்டையும் மார்பும் வெள்ளை; முதுகும் சிறகும் வாலும் நீலம்; அலகும் கால்களும் நல்ல சிவப்பு. மேற்கே துருக்கியிலிருந்து கிழக்கே தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கும் இப்பறவைக்கு, சுவீடன் தேசத்து லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் சாஸ்திரப் பெயர் சூட்டியபோது, அக்காலத்தில் ஸ்மிர்னா எனப்பட்ட துருக்கித் துறைமுகத்தின் பெயரையே அதற்கு இட்டார். இன்றைய இஸ்மீர் நகரம் அது. தஞ்சாவூரிலும் மதுரையிலும் மின்கம்பிக்கு மின்கம்பி காணப்படும் பறவை, தான் எட்டிப் பார்த்திராத ஒரு பட்டணத்தின் பெயரை இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சுமந்துகொண்டிருக்கிறது.

இதன் ஆகாரப் பட்டியல் மிகவும் நீளமானது. வெட்டுக்கிளி, கும்பிடுபூச்சி, சிள்வண்டு, நண்டு, தவளை, ஓணான், பல்லி, சிறு பாம்பு, சுண்டெலி, சில வேளைகளில் சிறு பறவைகளின் குஞ்சுகள் என்று தரையில் அகப்படுகிற எதையும் இது தள்ளுவதில்லை. வசதி கிடைத்தால் மீனும் பிடிக்கும். நீரே இல்லாத தோப்பிலும், மைதானத்திலும், நகரத்துத் தெருவிலும்கூட இது சுகமாக ஜீவிக்கிறது என்பதற்கு இந்தப் பட்டியலே காரணம். மொட்டை மாடியில் நின்று கேட்டால், கோடைக்காலத்து விடியலில், தென்னையின் உச்சியிலிருந்தோ தொலைபேசிக் கோபுரத்தின் முனையிலிருந்தோ, குதிரை கனைப்பது போலத் தொடங்கி நடுங்கி நடுங்கி இறங்கும் ஒரு நீண்ட குரல் வரும். அது இதன் காதற்பாட்டு. பாடுகையில் இடையிடையே சிறகைச் சட்டென்று விரித்து, அதனுள் மறைந்திருக்கும் வெள்ளைத் திட்டைத் துணைக்குக் காட்டும்.

இத்தனையையும் அறிந்த பிறகு, மீன் பிடிக்கும் குலத்தில் பிறந்து, குலத்தொழிலைக் கைவிட்டுத் தரைக்கு வந்துவிட்ட பறவை இது என்றுதான் நானும் வெகுகாலம் எண்ணியிருந்தேன். விஞ்ஞானிகளின் அபிப்பிராயம் நேர்மாறானது. உலகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மீன்கொத்தி வகைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பான்மையானவை மீனை நம்பிப் பிழைப்பவை அல்ல. காட்டுக்குள்ளே கிளையில் பொறுமையாய் அமர்ந்து, கீழே தரையில் அசைவதைக் கண்டு பாய்ந்து பிடிப்பதே இந்தக் குடும்பத்தின் பூர்விகத் தொழில் என்றும், அதே பாய்ச்சலைத் தரையை விட்டு நீரின்மேல் செலுத்தக் கற்றுக்கொண்டவர்கள் பின்னால் வந்தவர்கள் என்றும் அவர்கள் கருதுகிறார்கள். ஆகவே கலுங்குக் கல்லில் ஏரிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறவன் தொழிலை மறந்தவன் அல்லன். பழைய தொழிலை விடாமல் செய்துவருகிறவன். கண்ணில் முதலில் பட்ட ஒரு கிளையினரின் தொழிலைக் கொண்டு குடும்பம் முழுவதற்கும் நாம்தான் பெயர் வைத்துவிட்டோம்.

அந்த நீல நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கல்லடியில் உதிர்ந்து கிடந்த இறகு ஒன்றை ஒரு முறை எடுத்துப் பார்த்தேன். முகத்துக்கு எதிரே பிடித்தால் நீலம். அதையே தூக்கிச் சூரியனுக்கு நேரே, வெளிச்சம் ஊடுருவும்படி பிடித்தால், நீலம் போன இடம் தெரியாமல் மங்கிய சாம்பற் பழுப்பாகிவிட்டது. அந்த நீலம் சாயம் அன்று. இறகின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த கடற்பஞ்சு போன்ற அமைப்பு, வெளிச்சத்தில் நீலத்தை மட்டும் பொறுக்கித் திருப்பி அனுப்புகிறது. இறகை அரைத்துத் தூளாக்கினால் அமைப்பு சிதைந்து, நீலமும் போய்விடும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன், பறவைகளின் இறகு நிறங்களைக் குறித்து 1934ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் ஆராய்ந்தது, மீன்கொத்திக்குத் தூரத்து உறவான பனங்காடையின் இறகுகளை. உலகப் புகழ் பெற்ற பின்பும் அந்த மேதையின் சிந்தையை ஒரு பறவையின் சிறகு ஈர்த்துப் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. வெளிச்சம் என்ன செய்கிறது என்பதுதானே அவர் வாழ்நாள் முழுவதும் கேட்ட கேள்வி.

இந்த அழகே மீன்கொத்திக்குச் சத்துருவும் ஆயிற்று. சீன தேசத்தில் மகளிரின் தலையணிகளிலும் நகைகளிலும் மீன்கொத்தியின் நீல இறகுகளை ஒட்டிப் பதிக்கும் கலை பல நூற்றாண்டுகள் செழித்திருந்தது. 1296ஆம் ஆண்டில் கம்போஜத்தின் அங்கோர் நகருக்கு வந்து தங்கிய சீனத் தூதுவர் கூட்டத்தைச் சேர்ந்த சௌ தாகுவான், பெண் பறவை ஒன்றைக் கூண்டில் வைத்து, அதைக்கொண்டு ஆணை வரவழைத்து வலையில் வீழ்த்தும் வேட்டையை எழுதிவைத்திருக்கிறார். மேல்நாட்டுச் சீமாட்டிகளின் தொப்பிகளுக்கென்று பிற்காலத்தில் நம் நாட்டிலிருந்து பறவைத் தோல்களும் இறகுகளும் மூட்டை மூட்டையாகக் கப்பலேறின. 1902ஆம் ஆண்டில்தான் இந்திய அரசாங்கம் அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. நீலம் இல்லாத கருப்பு வெள்ளை மீன்கொத்திக்கோ இந்த நகைப் பித்தால் ஆபத்து இல்லை.

இனி அந்தக் கருப்பு வெள்ளையைப் பார்ப்போம். உடலளவில் வெண்மார்பனுக்கு ஏறக்குறையச் சமம். ஆனால் நீலமோ சிவப்போ ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. வெண்ணிற உடலில் கரிய புள்ளிகளும் கோடுகளும். தலையில் சிறு கொண்டை. மார்பைக் குறுக்கே கடக்கும் கறுப்புப் பட்டை ஆணுக்கு இரண்டு. பெண்ணுக்கு ஒன்றே, அதுவும் நடுவில் அற்றுப் போயிருக்கும். ஆணையும் பெண்ணையும் தூரத்திலிருந்தே பிரித்தறிய உதவும் இந்த அடையாளம் வெண்மார்பனிடம் இல்லை. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவியிருக்கும் இப்பறவையை, எகிப்தில் அக்நாதென் மன்னனின் அமர்னா அரண்மனைச் சுவரில், சுமார் 3,350 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓவியன், பப்பைரஸ் கோரைக்குள் தலைகீழாய்ப் பாயும் கோலத்தில் தீட்டிவைத்திருக்கிறான். எங்கள் ஏரியில் நான் காண்கிற அதே பாய்ச்சல்.

அந்தரத்தில் நிற்பதற்கு அப்படி என்ன அவசியம் என்று கேட்கலாம். சிறு மீன்கொத்தியை எண்ணிப் பாருங்கள்: அதற்கு நீரும் வேண்டும், நீரின்மேல் நீண்ட கொம்பும் வேண்டும், கொம்பு இல்லாத இடத்தில் அது பெரும்பாலும் பட்டினி கிடக்கவேண்டியதுதான். ஆகவே அதன் ராஜ்யம் கரையோரத்துச் சிறு கீற்று. கருப்பு வெள்ளை அந்தக் கொம்பையே தன் சிறகால் உண்டாக்கிக்கொண்டது. காற்றே இல்லாத வேளையிலும், சிறகடித்தே ஆகாயத்தில் அசையாமல் நிற்கும் சாமர்த்தியம் பெற்ற பறவைகளில் இதுவே மிகப் பெரியவற்றுள் ஒன்று என்பார்கள். பிடித்த மீன் சிறியதாயிருந்தால், அதை அடித்துக் கொல்வதற்காகக் கரைக்குத் திரும்பாமல், பறந்துகொண்டே விழுங்கிவிடும். நிற்கவும் கிளை வேண்டாம், உண்ணவும் கிளை வேண்டாம் என்று ஆனபிறகு, கரையிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருக்கும் நீர்ப்பரப்பும், மரமே இல்லாத கழிமுகங்களும் அதன் சொத்தாகிவிட்டன.

நேர் மேலே நிற்பதில் மற்றோர் ஆதாயமும் உண்டு. குளத்தில் ஊன்றிய கழி நீர்மட்டத்தில் ஒடிந்தாற்போல் தோன்றுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாய்வாகப் பார்க்கிறவனுக்கு மீன் இருக்கிற இடம் ஒன்று, தெரிகிற இடம் ஒன்று. ஈட்டியால் மீன் குத்துகிறவர்கள், தெரிகிற இடத்துக்குக் கீழே குறி வைப்பது இதனால்தான். பார்வை எவ்வளவுக்கு எவ்வளவு செங்குத்தாகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு இந்தப் பக்கவாட்டுப் பிழை குறைந்துகொண்டே வந்து, நேர் மேலிருந்து பார்க்கையில் அறவே நீங்கிவிடுகிறது. ஆழம் மட்டும் உள்ளதில் முக்கால் பங்காய்த் தோன்றும். அலகை நேர் கீழே நீட்டி, தலையை ஆணியடித்தாற்போல் நிறுத்துகிற அந்த நிலை, ஒளியின் இந்த விதிக்கு எத்தனை பொருத்தமாய் அமைந்திருக்கிறது! பார்வை கூர்மையாய்ப் படிகிற குழி மனிதன் கண் ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் உண்டு. மீன்கொத்தியின் கண் ஒவ்வொன்றிலும் இரண்டு. அப்படியிருந்தும் பாய்ச்சல் பலமுறை வீணாகத்தான் செய்கிறது. அந்தப் பெரியவரும் நானும் பார்த்துக்கொண்டிருந்த காலை, பறவை நான்கு தரம் சிறகை மடக்கிக் கல்லைப் போல் விழுந்து, நான்காவது தரமே ஒரு கெண்டைக் குஞ்சோடு எழுந்தது.

வெண்மார்பன் தனியன், ஜோடியோடு தன் எல்லையைக் காத்துக்கொண்டு, அந்நிய மீன்கொத்தியைக் கண்டால் கத்தி விரட்டுகிறவன். கருப்பு வெள்ளையோ கூட்டத்தை நாடும் சுபாவமுள்ளது. கெனியா நாட்டில் விக்டோரியா, நைவாஷா என்ற இரண்டு ஏரிகளின் கரையில் இப்பறவைகளின் குடும்ப வாழ்க்கையை நெடுங்காலம் ஆராய்ந்த ரயர் என்னும் அறிஞர் 1980ஆம் ஆண்டில் எழுதியதைப் படித்தபோது, கதை படிப்பது போல் இருந்தது. ஜோடி கிடைக்காத ஆண்கள் சிலர் கூடு வைத்திருக்கும் தம்பதிக்கு மீன் கொண்டுவந்து கொடுத்து உதவுகிறார்கள். அவர்களில் ஒரு வகையார் அந்தத் தம்பதியின் போன வருஷத்துப் பிள்ளைகள். தாய் தந்தையருக்கு உழைக்கிறார்கள், தம்பி தங்கையரை வளர்க்கிறார்கள். மற்றொரு வகையார் உறவே இல்லாத அந்நியர். அலை மிகுந்து, கிடைக்கிற மீனும் சிறியதாயிருக்கும் விக்டோரியாக் கரையில், பெற்றோர் இருவரால் மட்டும் குஞ்சுகளின் பசியை ஆற்ற முடிவதில்லையாதலால், குஞ்சு பொரித்தபின் அந்நியனின் உதவியையும் ஏற்றுக்கொள்கிறார்கள். மீன் தாராளமாய்க் கிடைக்கும் நைவாஷாவிலோ, அதே அந்நியன் மீனோடு வந்தாலும் பெரும்பாலும் விரட்டப்படுகிறான். அந்நியனுக்கும் ஒரு நம்பிக்கை உண்டு: அடுத்த வருஷம் அந்தப் பெண் தனித்துவிட்டால், பழகிய முகமான அவனையே அவள் துணையாக ஏற்றுக்கொள்ளக்கூடும். ஒரே ஜாதிப் பறவை, இரண்டு ஏரிகளில் இரண்டு விதமாய்க் குடித்தனம் நடத்துகிறது!

தொழிலில் இப்படி வேறுபட்ட இவ்விரண்டின் சாஸ்திரப் பெயர்களுக்குள் ஒரு சம்பந்தம் இருக்கிறது. வெண்மார்பனின் இனப்பெயர் ஹல்சியோன். கருப்பு வெள்ளையின் இனப்பெயர் செரைல். இரண்டும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்தவை. கிரேக்கக் கதைகளில் முன்னது கடற்பறவைப் பெண். பின்னது அவளுடைய ஆண்துணை. குளிர்காலத்து நடுவில் சில நாட்கள் கடல் அலையடங்கிக் கிடக்கும் என்றும், அந்நாட்களில் அவள் அலைமேலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பாள் என்றும் கிரேக்கர்கள் நம்பினார்கள்.

மெய்யான மீன்கொத்தி கூடு வைப்பது மண்ணுக்குள்ளே. நீரில் பிழைப்பதானாலும் தரையில் பிழைப்பதானாலும், இவ்விரண்டும் ஒன்றுபடுகிற இடம் அதுதான். ஆற்றின் செங்குத்தான கரை, சாலைக்காக வெட்டிய மேட்டின் முகம், கல் கட்டாத கிணற்றின் பக்கச் சுவர் என்று ஏதாவது ஒரு மண்சுவரைத் தேர்ந்துகொள்கின்றன. அச்சுவரில் கால் பதிக்கக்கூட இடம் இராது என்பதால், வெண்மார்பன் ஜோடி ஆரம்பத்தில் தூரத்திலிருந்து பறந்து வந்து, மீண்டும் மீண்டும் சுவரில் மோதி மோதியே ஒரு சிறு குழியை உண்டாக்குகின்றன; கால் ஊன்றக்கூடிய அளவு பள்ளம் விழுந்தபின், அலகால் குடைந்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்த முன்விரல்களால் மண்ணைப் பின்னே தள்ளிக்கொண்டு உள்ளே போகின்றன. வளையின் முடிவில் ஒரு சிறு அறை. அதில் படுக்கையாகப் புல்லும் இல்லை, பஞ்சும் இல்லை. வெறுந்தரையில், இருட்டில் யார் கண்ணுக்கும் மறைக்கவேண்டிய அவசியம் இல்லாமையால் புள்ளியோ கோலமோ அற்ற தூய வெண்ணிறத்தில், உருண்டையான முட்டைகள். தின்று சீரணிக்காத ஓடுகளையும் எலும்புகளையும் மீன்கொத்திகள் உருண்டையாக வாந்தியெடுத்துவிடுமாதலால், நாளடைவில் அந்த எலும்புத் துகள்களே குஞ்சுகளுக்கு மெத்தையாகின்றன. வாயிலில் முகத்தை வைத்தால், நாற்றம் குடலைப் பிடுங்கும்.

எனக்கு இப்பொழுது உள்ள கவலை எல்லாம் அந்த மண்சுவரைப் பற்றியதுதான். வாய்க்கால்களின் இருகரையும் சிமெண்டுத் தளம் போடப்பட்டு வழவழவென்று சாய்கின்றன. கிணறுகளில் உறை இறங்கிவிட்டது. ஆற்றங்கரைகள் மணலோடு சேர்ந்து லாரியில் ஏறிப் போகின்றன. நீர் வீணாகாமல் வயலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிமெண்டில் எந்த அலகும் வளை தோண்ட முடியாது என்பதும், பத்து மைல் வாய்க்காலில் பத்தடி மண்முகத்தையாவது விட்டுவைப்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்பதும் உண்மை. வைக்கோற்போரைக் குடைந்துகூட வெண்மார்பன் கூடு வைத்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எப்படியாவது சமாளித்துக்கொள்கிற பறவை அது. வீட்டுத் தோட்டத்துப் பல்லியும் வெட்டுக்கிளியும் அதற்குப் போதும். கருப்பு வெள்ளைக்கு அந்த வசதி இல்லை. அதற்கு மீன் வேண்டும். மேலே நின்று பார்த்தால் மீன் தெரிகிற திறந்த, தெளிந்த நீர் வேண்டும். ஊர்ச் சாக்கடை வந்து கலந்து, ஆகாயத்தாமரை கரைக்குக் கரை மூடிவிட்ட ஏரியின்மேல், எத்தனை சாமர்த்தியசாலியான பறவையும் அந்தரத்தில் நின்று என்ன காணப்போகிறது?

எங்கள் ஏரியின் வடகோடியிலும் இரண்டு வருஷங்களாக அந்த ஆகாயத்தாமரையின் ஊதாப் பூக்கள் தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றன. சென்ற தை மாதத்தில் கருப்பு வெள்ளை ஜோடி, முன்போல் ஏரி முழுவதும் சுற்றாமல், மதகுக்கு எதிரே இன்னும் திறந்திருக்கிற நீரின்மேல் மட்டுமே வந்து வந்து நின்றது. கலுங்குக் கல்லில் இருந்தவன் வழக்கம்போல் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.